மாதிரிச் சளி

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் சளி கொடுப்பதற்கென்று தனியாக ஒரு ஜன்னல் உண்டு. ரத்தம் கொடுப்பவர்களுக்கு நாற்காலி உண்டு. சிறுநீர் கொடுப்பவர்களுக்குக் கதவு உண்டு. சளி கொடுப்பவர்களுக்கு ஜன்னல் மட்டும்தான். இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை. சளி என்பது பெருமையோடு நீட்டுகிற பொருள் இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த காலம் அது.

அந்த ஜன்னலுக்கு நான் போக வேண்டி வந்தது என் மாமியாரால். அவர் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். மூன்று வாரமாக இருமல். சாயங்காலமானால் காய்ச்சல். தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போது இருமல் வந்தால் துணி இழுபட்டு, நேராகப் போக வேண்டிய தையல் ஆற்றைப் போல வளைந்து போகும். ஒரே வாரத்தில் ஆறு காலர்களைப் பிரித்துத் தைத்தோம். கொடுத்த இரண்டு மருந்தும் கேட்கவில்லை.

டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மூணாவது மருந்தைக் கண்ண மூடிக்கிட்டு எழுத மாட்டேன். உள்ள எந்தக் கிருமி இருக்குன்னு தெரியணும். சளிய டெஸ்ட்டுக்குக் குடுங்க. ஆய்வகத்துல அந்தக் கிருமிய வளத்துப் பார்த்து, எந்த மருந்துக்குச் சாகுதுன்னு சொல்லுவாங்க. தள்ளிப் போடாதீங்க. இப்பவே வலது பக்கம் மூச்சு சரியாக் கேக்கல."

"கிருமிய வளப்பாங்களா?" என்றார் என் மாமியார். "இவ புருஷன வளக்கறதுக்குள்ளயே எனக்கு நாக்கு தள்ளிடுச்சு."

மறுநாள் காலை நாங்கள் ஜன்னலுக்குப் போனோம். உள்ளே ஆய்வகத்து அக்கா இருந்தார். இருபது வருடமாகச் சளியோடு வாழ்கிறவர். எதையும் பார்த்து மூக்கைப் பொத்தாதவர். ஜன்னலுக்கு மேலே, 'சளி மாதிரி இங்கே பெறப்படும்' என்று பலகை இருந்தது.

என் மாமியார் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். "சளி மாதிரின்னா? சளி மாதிரி இருந்தாப் போதுமா, இல்ல சளியாவே இருக்கணுமா?"

அக்கா சிரித்துவிட்டார். "சளியாவே இருக்கணும்மா. நிறைய பேரு எச்சிலத் துப்பிக் குடுத்துட்டுப் போயிடறாங்க. எச்சில வெச்சுப் பார்த்தா எனக்கு அவங்க கன்னத்துத் தோல்தான் தெரியும், கிருமி தெரியாது. நாளைக்குக் காலைல எழுந்ததும் வெறும் தண்ணில வாயக் கொப்பளிங்க. நல்லா மூச்ச இழுத்து, அடி நெஞ்சுல இருந்து இருமி, இந்தக் கப்புல துப்புங்க. மூடிய இறுக்கி உடனே கொண்டு வாங்க. பார்க்க எவ்வளவு அசிங்கமா இருக்கோ அவ்வளவு நல்லது."

என் மாமியார் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. மறுநாள் காலை அவர் இருமிய இருமலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். கப்பில் விழுந்தது பச்சையும் துருவும் கலந்த நிறத்தில், கெட்டியாக, கப்பைச் சாய்த்தாலும் நகராமல் உட்கார்ந்திருந்தது. அக்கா பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார் என்று எனக்குத் தெரிந்தது. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கப்பை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

ஆனால் அன்று ஜன்னலில் அக்காவுக்குப் பக்கத்தில் நிர்வாக அலுவலர் நின்றிருந்தார்.

அவர் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. எங்கள் மருத்துவமனையை 'மாதிரி மருத்துவமனை' ஆக்குவதற்காக மேலிடம் அவரை அனுப்பியிருந்தது. ஒரு மாதத்தில் ஆய்வுக் குழு வரும். அதற்குள் எல்லாம் மாதிரியாக வேண்டும். சுவருக்கு வெள்ளையடித்து, படுக்கைகளை நேராக்கி, நோயாளிகளையும் முடிந்தவரை நேராக்கிவிட்டு, அவர் சளி ஜன்னலுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

நான் கப்பை நீட்டினேன். அவர் அதைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார்.

"இது என்ன?"

"சளி மாதிரிங்க."

"இதுவா மாதிரி?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "மாதிரிப் பள்ளி பார்த்திருக்கேன், மாதிரிக் குடியிருப்பு பார்த்திருக்கேன், மாதிரிச் சிறைச்சாலைகூடப் பார்த்திருக்கேன். எதுலயாவது இப்படி ஒரு அழுக்கு இருந்துச்சா? நாலு பேருக்கு முன்னுதாரணமா இருக்கறதுக்குப் பேருதான் மாதிரி. இதைப் பார்த்து நாலு பேரு என்ன கத்துப்பாங்க?"

அக்கா மெதுவாகச் சொன்னார். "சார், இங்க மாதிரின்னா அந்த அர்த்தம் இல்ல. கொஞ்சூண்டு எடுத்துப் பார்க்கறது..."

"அரசாங்கத்துல ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும்" என்றார் அவர். "ரெண்டு அர்த்தம் இருந்தா ரெண்டு துறை வேண்டியிருக்கும்."

எனக்கு ஒரு ரசீது கொடுத்தார்கள். அதில், 'தாங்கள் சமர்ப்பித்த பொருள் மாதிரியாக விளங்கும் தகுதியைப் பெற்றிருக்கவில்லை என்பது வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது' என்று இருந்தது. என் மாமியார் அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

"மூணு வாரமா நான் பாடுபட்டு வளத்தது. தகுதி இல்லையாமா?"

மறுநாள் பலகை மாறியிருந்தது. 'சளி மாதிரி' இரண்டும் இடம் மாறி, 'மாதிரிச் சளி இங்கே பெறப்படும்' என்று ஆகியிருந்தது. கீழே மாதிரிச் சளிக்கான தகுதிகளை அச்சிட்டு ஒட்டியிருந்தார்கள். தெளிவாக இருக்க வேண்டும். நிறமும் மணமும் கூடாது. பாத்திரத்தில் ஒட்டக் கூடாது. பார்ப்பவர் மனதில் நம்பிக்கையை விதைக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். திட்டம் வெற்றி பெற்றது. முந்தைய மாதம் அறுபது பேர் சளி கொடுத்ததில் இருபத்திரண்டு பேருக்குக் கிருமி இருந்தது. புதிய பலகை வந்த முதல் வாரத்தில் நூற்றுப்பத்து பேர் கொடுத்தார்கள். ஒருவருக்கும் கிருமி இல்லை. ஒரு பலகையால் ஊரில் நெஞ்சுச் சளியே ஒழிந்தது என்று நிர்வாக அலுவலர் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் பாராட்டி எழுதியது.

பிறகு மாதிரிச் சளி வழங்கியவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதோடு சளி நாகரிகமாகிவிட்டது.

என் நாத்தனாருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஆனாலும் அவள்தான் எங்கள் தெருவில் முதல் சான்றிதழ் வாங்கினாள். கப்பை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பக்கத்தில் முகத்தைச் சாய்த்து வைத்து எடுத்த படத்தை எல்லோருக்கும் அனுப்பினாள். அவள் கப்பு கண்ணாடிபோல இருந்தது. அதன் வழியாகப் பின்னால் இருந்த நாற்காலி தெரிந்தது. அடுத்த நாள் அவள் தோழிகள் நால்வர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் கப்பின் மூடிக்குப் பொருத்தமான நிறத்தில் உடுத்திக்கொண்டு பதினைந்து பேர் வந்தார்கள்.

"அண்ணி, நீங்களும் ஒன்னு குடுக்கலாமே. பாப்பாவோடதக்கூட வாங்கிக்கறாங்களாம்."

"எங்களுக்குச் சளி இல்லம்மா."

"அதனாலதான் சொல்றேன்! சளி இருக்கறவங்களோடது எங்க தேறப் போகுது?"

அவள் சொன்னதுதான் நடந்தது. சளி இல்லாதவர்கள் வரிசை வாசல்வரை நீண்டது. சளி இருப்பவர்கள் அதில் நின்று இருமினால் மற்றவர்கள் திரும்பி முறைத்தார்கள். 'இங்கே இருமாதீர்' என்று ஒரு பலகையும் வந்தது.

என் மாமியாருக்கு இதற்குள் காய்ச்சல் காலையிலும் விடாமல் இருந்தது. படுத்தால் மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். வேறு வழியில்லாமல் நாங்கள் விதிப்படி ஒரு முறை முயன்றோம். பத்து முறை வாயைக் கொப்பளித்து, நெஞ்சைத் தொந்தரவு செய்யாமல், நாக்கு நுனியிலிருந்து துப்பினார். அன்று அலுவலரே கப்பை வாங்கிப் பார்த்தார்.

"அற்புதம்! பாருங்க, முயற்சி பண்ணா முடியுது இல்ல?"

இரண்டு நாளில் சான்றிதழும் முடிவும் வந்தன. 'கிருமி இல்லை.' எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் தாளைப் பார்த்தார், என் மாமியாரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"கிருமி இல்லன்னு வந்திருக்கே."

"தொட்டுப் பாருங்க டாக்டர், அனலாக் கொதிக்குது."

"எனக்குத் தெரியுதும்மா. தாளுக்குத் தெரியலையே. தாள்ல கிருமி பேரு இருந்தாத்தான் மருந்தறைல அந்தப் பெரிய மருந்தக் குடுப்பாங்க. புது உத்தரவு. கிருமி இல்லாதவங்களுக்கு மருந்து எழுதினா நான் விளக்கம் எழுதணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அதிகமாப் போனா மூணு நாலு நாள் பார்க்கலாம். அதுக்கு மேல நுரையீரல் தாங்காது. எப்படியாவது நிஜ சளிய டெஸ்ட் பண்ண வழி பாருங்க."

வெளியே வந்ததும் என் மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பேச மூச்சு இல்லை. பேசாத மாமியாரை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். 

அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஆய்வகத்தின் பின்பக்கமாகப் போனேன். அக்கா கிருமி பார்க்கும் கண்ணாடித் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஏதாவது வழி சொல்லுங்க. உங்க வீட்டுப் பெரியவங்களா நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

அக்கா இரண்டு பக்கமும் பார்த்தார். "மாதிரின்னு சொன்னாத்தானே பிரச்சினை? கழிவுன்னு சொல்லிக் கொண்டு வா."

"கழிவா?"

"பழைய விதிப் புத்தகத்துல பதினாலாவது பிரிவு இருக்கு. கிருமி இருக்கற கழிவ, அது என்ன கிருமி, எதனால அழியும்னு தெரிஞ்சுக்காம அழிக்கக் கூடாது. இந்தப் பலகை வர்றவரைக்கும் யாரும் அதச் செஞ்சதில்ல. செய்யக் கூடாதுன்னும் யாரும் சொல்லல. கழிவு எவ்வளவு அசிங்கமா இருந்தாலும் சார் கேக்க மாட்டார். அவரு பின்பக்கம் வரவே மாட்டார். மஞ்சள் பையில போட்டு, கழிவறைப் பக்கம் இல்ல, கழிவு அறைப் பக்கம் வா. சரியாக் கேட்டுக்கோ, போன வாரம் ரெண்டு பேரு தப்பான இடத்துல வெச்சுட்டுப் போயிட்டாங்க."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மாமியாருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"நான் கழிவா?"

"உங்களச் சொல்லல அத்தை. உங்க சளிய."

"அது எங்கிருந்து வருது? எனக்குள்ள இருந்துதானே?" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, தகுதி இல்லன்னு சொன்னதுக்கு இது தேவல. கப்பக் கொண்டா."

மறுநாள் மஞ்சள் பையோடு பின்பக்கம் போனேன். எனக்கும் அந்த இரண்டு பேருக்கும் மட்டும்தான் இந்த வழி தெரியும் என்று நினைத்திருந்தேன். அங்கே முப்பது பேர் மஞ்சள் பையோடு நின்றிருந்தார்கள். முன்பக்கம்போலத் தள்ளுமுள்ளு இல்லை. எல்லோரும் நிஜமாகவே நோயாளிகள் என்பதால் சண்டை போடத் தெம்பில்லாமல் ஒழுங்காக நின்றார்கள். எனக்கு முன்னால் நிர்வாக அலுவலரின் கார் ஓட்டுநர் ஒரு மஞ்சள் பையோடு நின்றிருந்தார்.

"உங்களுக்கும் இருமலாண்ணே?"

"எனக்கில்லம்மா. பெரிய இடத்துக் கழிவு. கேக்காத."

அவர் பைக்கு முப்பது என்று எண் போட்டார்கள். என் மாமியார் கழிவு எண் முப்பத்தொன்று. மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு முடிவு என்றார் அக்கா.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு ஆய்வுக் குழு வந்தது.

அன்று என் மாமியாரால் எழுந்திருக்க முடியவில்லை. உதடு கொஞ்சம் நீலமாக இருந்தது. ஆனால் நான் கிளம்பும்போது குழு வருகிற செய்தி அவர் காதில் விழுந்துவிட்டது. என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"விடாத. எல்லாத்தையும் சொல்லு. நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேளு."

அந்த நாலு கேள்வியையும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அருமையான கேள்விகள். நாலாவதைக் கேட்டால் எந்த அதிகாரியும் தலைகுனிந்துவிடுவார்.

குழுவில் மூன்று பேர். முன்பக்கத்தில் சான்றிதழ்களையும் கண்ணாடி அலமாரியில் வரிசையாக வைத்திருந்த மாதிரிக் கப்புகளையும் பார்த்து மகிழ்ந்துவிட்டு, யாரும் எதிர்பாராத விதமாகத் தலைவர் பின்பக்கமும் பார்க்க வேண்டும் என்றார். நிர்வாக அலுவலர் முகம் வெளுத்தது. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

அங்கே முடிவு வாங்க வந்த என்னையும் சேர்த்து, மஞ்சள் பைகளோடு நாற்பது பேர் நேர்வரிசையில் நின்றிருந்தோம்.

"இவங்க எல்லாம் யாரு?" என்றார் தலைவர்.

நிர்வாக அலுவலர் ஒரு விநாடி திணறினார். ஒரு விநாடிதான். "பொறுப்புள்ள பொதுமக்கள் சார். வீட்டுல சேர்ற அபாயகரமான கழிவ அவங்களே பிரிச்சு, மஞ்சள் பைல போட்டு, வரிசைல நின்னு ஒப்படைக்கறாங்க."

"யாரும் சொல்லாமலேயா?"

"யாரும் சொல்லாமலே சார்."

தலைவர் கண் கலங்கினார். முப்பது வருட அரசுப் பணியில் இப்படிப்பட்ட மக்களை அவர் பார்த்ததில்லையாம். நேராக என்னிடம் வந்தார். இடுப்பில் குழந்தை இருந்ததால் நான் பொதுமக்களைப் போலவே இருந்திருப்பேன்.

"பயப்படாமச் சொல்லுங்கம்மா. இந்த மருத்துவமனைல உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?"

நாலு கேள்வியும் வரிசையாகத் தொண்டைக்கு வந்தன. நான் வாயைத் திறந்தேன். அப்போது தலைவரின் தோளுக்கு மேலே கழிவு அறைக் கதவு தெரிந்தது. அக்கா நின்றிருந்தார். கையில் தாள்கள் ஒரு கட்டு. அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவர் முகம் ஒன்றும் கேட்கவில்லை. பதினாலாவது பிரிவை மட்டும் ஞாபகப்படுத்தியது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கட்டு பக்கத்திலிருந்த கழிவு எரிக்கும் உலைக்குள் போகும். அதில் முப்பத்தொன்று இருந்தது.

சுற்றிலும் நாற்பது பேர் இருமலை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அடக்கியதில் எல்லோர் முகமும் சிவந்திருந்தது. தலைவர் அதை உணர்ச்சிவசப்பட்டதாக எடுத்துக்கொண்டார். நிர்வாக அலுவலர் முகமும் அப்படியேதான் இருந்தது.

"குறை ஒன்னும் இல்லைங்க" என்றேன்.

ஒரு நோட்டை நீட்டினார்கள். 'இம்மருத்துவமனையின் சேவையில் எங்களுக்குக் குறை ஏதும் இல்லை' என்று மேலே எழுதியிருந்தது. முதல் கையெழுத்து நான் போட்டேன். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவரும் போட்டுவிட்டார்.

பதினோரு மணிக்குத் தாள் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா சத்தமாகப் படித்தார்.

"கழிவு எண் முப்பத்தொன்று. தன்மை..." என்று ஒரு நீளமான கிருமிப் பெயரைச் சொன்னார். "அழிக்கும் முறை..." என்று ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். பிறகு நிமிர்ந்தார். "இதுதாம்மா வேணும். ஊசிச் சீட்டுல பேஷண்ட் பேரு என்ன போடட்டும்?"

"தாள்ல இருக்கறதையே போட்டுடுங்க டாக்டர். மாத்தினா மருந்தறைல கேள்வி கேப்பாங்க."

அப்படியாகக் கழிவு எண் முப்பத்தொன்றுக்கு அன்று மதியமே முதல் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஒரு வாரத்தில் மாமியார் எழுந்து உட்கார்ந்து, நூலை ஊசியில் கோத்துக்கொண்டே கேட்டார்.

"குழுகிட்ட கேட்டியா, நாலு கேள்வி?"

"கேக்கல அத்தை."

"ஏன்?"

"நீங்க படுத்திருந்தீங்க."

அவர் கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டினார். தையல் நேராகப் போனது. "கையெழுத்துப் போட்டியாமே."

"போட்டேன்."

"முதல்ல போட்டியாமே."

"வரிசைல நான்தான் முன்னாடி நின்னேன்."

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்ட கேள்வி அவர் வாழ்க்கையில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

எங்கள் மருத்துவமனை மாதிரி மருத்துவமனையாக அறிவிக்கப்பட்டுவிட்டது. எல்லா ஊர் மருத்துவமனைகளிலும் இனி எங்கள் முறைதான் என்று உத்தரவு போய்விட்டது. ஓரிரு ஊர்களில் மக்கள் எதிர்த்தார்களாம். அவர்களுக்குக் காட்டுவதற்காக எங்கள் நோட்டின் முதல் பக்கத்தைப் பெரிதாக அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

போன வாரம் கடைத்தெருவில் நிர்வாக அலுவலரைப் பார்த்தேன். இருமல் நின்று நல்ல நிறமாக இருந்தார். காரை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கி, அவரே என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, நீங்கதானே அந்த முதல் கையெழுத்து? மேலிடத்துல உங்களோடத ரொம்பப் பாராட்டினாங்க. என்ன தெளிவு! ஒரு கறை இல்ல, ஒரு பிசிறு இல்ல. எவ்வளவு உத்துப் பார்த்தாலும் உள்ள ஒன்னுமே இல்ல" என்றார். "இதத்தான் நாங்க மாதிரிக் கையெழுத்துன்னு சொல்றோம்."